ஒரு பாக்கெட், ஒரு டம்ளர்

நம்ம தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். பேதியைப் பற்றி எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். மலர் பொறுப்பில் இருக்கிறவர் ஹோட்டல் நடத்துகிறவர். "எழுதுங்க அண்ணாச்சி, என் ஹோட்டல் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். போடவில்லை.

எறணாகுளம் பக்கத்து மட்டாஞ்சேரியில் ஒரு குழந்தை டாக்டரிடம் இருபத்தாறு வருஷம் அட்டெண்டராக இருந்தேன். போன வருஷம் நின்றேன். பெயர் மாரியப்பன். டாக்டர் மாரி என்பார். படிப்பு ஏழாம் வகுப்பு. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே மிளகு கோடவுனுக்கு மூட்டை தூக்க வந்தவர். நானும் கொஞ்ச காலம் தூக்கினேன். முதுகு ஒத்துவரவில்லை. புதுசாக கிளினிக் திறந்த டாக்டர், கதவு திறக்கவும் டோக்கன் கொடுக்கவும் ஆள் தேடினார். போனேன்.

டாக்டர் மலையாளத்துக்காரர். பெண். அப்போது முப்பது முப்பத்தஞ்சு வயது இருக்கும். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்து எவ்வளவு கோபம் என்று கண்டுபிடிக்கலாம்.

வயிற்றுப்போக்கு என்று பிள்ளையைத் தூக்கி வந்தால் எல்லாரும் எத்தனை தடவை போனது, என்ன நிறம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். டாக்டர் அதைக் கேட்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கடைசியா எப்போ மூத்திரம் போச்சு?"

பாதிப் பேருக்குத் தெரியாது. டயப்பரைப் பார்ப்பார்கள், புருஷன் முகத்தைப் பார்ப்பார்கள். தெரியாது என்றால் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் படுக்க வைப்பார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுவார். உடனே இறங்கினால் சரி. மெல்ல இறங்கினால் தண்ணீர் வற்றியிருக்கிறது. பிறகு கண் குழி, நாக்கு, அழுதால் கண்ணீர் வருகிறதா. என்னையும் கிள்ளிப் பார்க்கச் சொல்வார். "மாரி, நீயும் நோக்கு. நான் இல்லாத நேரம் கதவுக்குப் பக்கத்துல நிக்கிறது நீதானே." இப்படித்தான் படித்தேன்.

எங்கள் ஊரில் டிசம்பரிலும் மே மாசத்திலும் கிளினிக்கில் பாதி டூரிஸ்ட் பிள்ளைகள். கோயம்புத்தூர், திருப்பூர், மதுரை, பெங்களூர். வந்த முதல் நாள் மீன் வலை பார்ப்பார்கள், அரண்மனை பார்ப்பார்கள், ரோட்டில் மிளகாய்ப்பொடி போட்ட அன்னாசி, ஐஸ் போட்ட சர்பத். இரண்டாம் நாள் எங்களிடம் வருவார்கள். காரில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், வண்டி நிறுத்த இடம் இருக்காது.

தமிழ் ஆட்கள் வந்தால் டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "மாரி, உன்ட ஆளுகளாக்கும். சொல்லிக்கொடு" என்பார். எழுதுவது டாக்டர், சொல்வது நான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

சொல்வது பெரிய விஷயம் இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த பவுடர் பாக்கெட். அதைக் காய்ச்சி ஆறின தண்ணீரில் கலக்க வேண்டும். கிளினிக்கில் ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. டாக்டர் சிரிஞ்சால் இருநூறு மில்லி அளந்து ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் கோடு போட்டார். சின்ன பாக்கெட் ஒன்றுக்கு அந்தக் கோடு வரை தண்ணீர். கலக்கினதும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நான் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீர் அளவு உப்புதான் இருக்க வேண்டும், அதைவிடக் கூடினால் கொட்டிவிடு என்பார். ருசி பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

பிறகு ஸ்பூன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், கடிகாரத்தைப் பார்த்து. மணிக்கு முப்பது ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. தாய்மார்களுக்குப் பொறுமை இருக்காது. "இப்படிச் சொட்டுச் சொட்டாக் குடுத்தா எப்ப குடிச்சு முடிக்கிறது?" என்று டம்ளரோடு கவிழ்ப்பார்கள். பிள்ளை அப்படியே திருப்பி என் சட்டையில் கொடுக்கும். அதனால் கூட்டம் இல்லாத நேரத்தில் நானே பெஞ்சில் உட்கார்ந்து கொடுப்பேன். டோக்கன் கொடுக்க வந்தவன் ஸ்பூன்காரன் ஆனேன். படகு ஜெட்டி பக்கம் நடந்தால், "டே, ஸ்பூன் சேட்டன் வர்றாரு, வாயை மூடு" என்று பிள்ளைகள் ஓடும்.

ஒரு தடவை ஒரு மதுரை அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார். "ரத்தம் ரத்தமா வாந்தி எடுக்குறான் டாக்டர்" என்று. பையன் சட்டை எல்லாம் சிவப்பு. டாக்டர் சட்டையை மோந்து பார்த்தார். "எந்த ஹோட்டல்ல சாப்பிட்டது?" என்றார். இங்கே ஹோட்டலில் குடிக்க வைக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். பதிமுகம் என்கிற மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சுவது. பையன் அதை மூன்று டம்ளர் குடித்திருக்கிறான். அதுதான் சிவப்பு.

"காய்ச்சின தண்ணிதானே டாக்டர், சூடாத்தானே வச்சாங்க?" என்றார் அந்த அம்மா.

"வெதுவெதுன்னு இருந்ததா, சூடா இருந்ததா?"

"வெதுவெதுன்னு."

"அப்போ பாதி காய்ச்சினது. பாதி பைப்."

கூட்ட நேரத்தில் ஹோட்டல்காரன் கொதித்த தண்ணீரில் குளிர்ந்த பைப் தண்ணீரை ஊற்றி விளாவி வைப்பான். நிறம் அப்படியே இருக்கும். மலர் பொறுப்பாளர் மன்னிக்க வேண்டும்.

அந்தப் பையன் இரண்டு நாளில் சரியானான். பெரும்பாலும் அப்படித்தான். பாலும் கஞ்சியும் நிறுத்தாமல் கொடு, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடு, துத்தநாக மருந்தைப் பதினாலு நாளும் கொடு. பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடுகிற மாத்திரையை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதே. கண் செருகினால், ரத்தம் கலந்து போனால், குடிக்கவே மாட்டேன் என்றால், ஆறு மணி நேரம் மூத்திரம் இல்லை என்றால் தூக்கிக்கொண்டு வா. இவ்வளவுதான் என் வேலையின் மொத்தப் பாடம். குடிக்கிற பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

இப்போது அந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். டிசம்பர் லீவு. கிளினிக்கில் நிற்க இடமில்லை. நர்ஸ் அன்றைக்கு லீவு. கதவும் நான், டோக்கனும் நான்.

திருப்பூர் ஆட்கள். அப்பா செந்தில், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா கவிதா. பிள்ளை யாழினி, ஒன்றரை வயது, பெண். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வயிற்றால் போகிறது. காலை பத்து மணி இருக்கும். பிள்ளை சோர்வாக இருந்தாலும் என்னைப் பார்த்து முறைத்தது. முறைக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. டாக்டர் கிள்ளிப் பார்த்தார். "கொஞ்சம் வற்றியிருக்கு. பயம் வேண்டா" என்றார். பவுடரும் துத்தநாக மருந்தும் எழுதினார். "மாரி, சொல்லிக்கொடு."

நான் வாசல் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பெண், "நீங்க தமிழுங்களாண்ணா! அப்பாடா" என்று சொன்னது நினைவு இருக்கிறது. "நேத்துல இருந்து ஒருத்தர் பேசறதும் முழுசாப் புரியலீங்க" என்றது. ஸ்பூனைப் பற்றிச் சொன்னேன். அதுவும் நினைவு இருக்கிறது. வழக்கமாக டம்ளரை எடுத்துக் கோட்டைக் காட்டுவேன். அன்றைக்குக் காட்டவில்லை. கலக்கியும் காட்டவில்லை, ருசியைப் பற்றியும் சொல்லவில்லை. பின்னால் ஒருத்தர் டோக்கனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு பாக்கெட், ஒரு டம்ளர்" என்றேன். பத்தாயிரம் தடவை சொன்ன வாக்கியம். சின்ன பாக்கெட் என்று சொன்னேனா? அதுதான் நினைவு இல்லை. இன்றைக்கு வரை இல்லை.

எங்களிடம் இருந்தது எல்லாம் சின்ன பாக்கெட்தான். பக்கத்து மருந்துக்கடையிலும் அதுதான் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. இவர்கள் தங்கின இடத்துப் பக்கம் வேறு கடையில் வாங்கியிருக்கிறார்கள். அங்கே கொடுத்தது பெரிய பாக்கெட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வந்தார்கள். டோக்கன் எடுக்கவில்லை. செந்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

பிள்ளை கத்திய கத்தலை நான் அதுவரை கேட்டதில்லை. கீச்சென்று, பூனைக்குட்டியை மிதித்த மாதிரி. சோர்ந்த பிள்ளை கத்தாது. இது கத்துகிறது, அடிக்கிறது, மேசை மேல் டாக்டரின் தண்ணீர் கிளாஸைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிப் பாய்கிறது.

"மூத்திரம்?" என்றார் டாக்டர்.

"நேத்து சாயங்காலம் போச்சுங்க. அதுக்கப்புறம் டயப்பர் ஈரமே ஆகலீங்க" என்றார் கவிதா. "ஆனா நல்லாக் குடிக்குதுங்க டாக்டர். கொஞ்சங்கொஞ்சமா ராத்திரியில இருந்து குடிச்சுட்டேதான் இருக்குது. வாந்தியும் எடுக்குது, மறுபடி குடிக்குது."

டாக்டர் வயிற்றைக் கிள்ளினார். தோல் உடனே இறங்கிவிட்டது. மறுபடி கிள்ளினார். என்னைப் பார்த்தார். நானும் கிள்ளினேன். பிசைந்த மைதா மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. அப்படி ஒரு தோலை நான் தொட்டதில்லை. கண் அவ்வளவு குழி இல்லை. கண்ணீர் இல்லை. குடிக்கிறது, மூத்திரம் இல்லை. குடிக்கிறது, மோசமாகிறது.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. டாக்டருக்கும் வரவில்லை என்று முகம் காட்டியது. காது பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார். என்ன சாப்பிட்டது, எங்கே சாப்பிட்டது என்று கேட்டார். செந்தில், "சிவப்புத் தண்ணி குடிச்சுதுங்க. அதுல விஷம் ஏதாச்சும் இருக்குமுங்களா?" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"மாரி, முதல்ல ரெண்டு ஸ்பூன் கொடுத்து நோக்கு. எப்படி விழுங்குதுன்னு பார்க்கணும்."

கவிதா பையிலிருந்து பால் புட்டியை எடுத்துக் கொடுத்தார். பாதி இருந்தது. டம்ளரில் ஊற்றினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். பழக்கம்தான். வேறு எதுவும் நினைத்து வைக்கவில்லை.

கடல் தண்ணீர்.

வாஷ்பேசினில் துப்பினேன். மறுபடி ஒரு சொட்டு வைத்தேன். அதே. "எதுல கலக்குனீங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் புட்டியிலதாங்க. ஒரு டம்ளர் பிடிக்கும்."

"எத்தனை பாக்கெட்?"

"புட்டிக்கு ஒண்ணுதாங்க. நீங்க சொன்ன மாதிரி. உப்புக் கரிச்சுதுங்க. மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு கொஞ்சம் சர்க்கரை போட்டுக் குடுத்தேன்."

பையிலிருந்து கிழித்த பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் வராது. எண் வரும். எங்கள் பாக்கெட்டில் இருநூறு என்று இருக்கும். இதில் ஒன்று என்று இருந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரிய பாக்கெட். ஐந்து டம்ளரில் போக வேண்டியதை ஒரு டம்ளரில் போட்டிருக்கிறது அந்தப் பெண். நான் தமிழன், தமிழில் சொன்னேன். அதனால் அது பாக்கெட்டைப் படித்துப் பார்க்கவில்லை. படிப்பு எனக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு உண்டு.

அந்த வாஷ்பேசினுக்கும் டாக்டர் மேசைக்கும் பத்தடி இருக்கும். அவர்கள் தப்பாகக் கலக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லலாம். அதுவும் உண்மைதான். நடந்து போகிற நேரத்தில் அதை யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

"மேடம், பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கியிருக்கு. உப்பு அஞ்சு மடங்கு. நான்தான் ஒரு பாக்கெட், ஒரு டம்ளர்னு சொன்னேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு உள்ளே போச்சு?"

ஒரு புட்டி முழுசாக, இரண்டாவதில் பாதி. நிறைய வாந்தியில் வெளியே வந்துவிட்டது என்றார் கவிதா. டாக்டர் போனை எடுத்து எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். பேசிக்கொண்டே கடிதம் எழுதினார். பிறகு என் கையில் ஒரு சின்ன பாக்கெட்டும் டம்ளரும் கொடுத்தார்.

"டம்ளரைக் கழுவிட்டுக் கோடு வரைக்கும் கலக்கு. நீயும் போ. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். அதுக்கு மேலே ஒரு சொட்டு கூடாது. வெறும் வெள்ளம் கொடுக்கவே கூடாது. எவ்வளவு அழுதாலும்."

எனக்குப் புரியவில்லை. "இவ்வளவு உப்பு உள்ளே போயிருக்கு, தண்ணி கொடுக்க வேண்டாமா மேடம்?"

"இப்போ மூளை உப்புல சுருங்கிக் கிடக்கு. சடார்னு வெள்ளம் போனா வீங்கும். அது இன்னும் ஆபத்து. மெல்லத்தான் இறக்கணும். போ."

பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் கொடு, தண்ணீர் கொடு என்று சொன்னவர். இப்போது கொடுக்காதே என்கிறார். சரி என்று அவர்கள் காரில் ஏறினேன்.

செந்தில் ஓட்டினார். வழி நான் சொன்னேன். பின்சீட்டில் கவிதா மடியில் பிள்ளை, பக்கத்தில் நான், முழங்காலுக்கு நடுவில் டம்ளர். தோப்பும்படி வரை ஒழுங்காகப் போனது. பாலத்துக்கு முன்னால் டிராஃபிக் பிளாக். இந்த ஊர் பிளாக் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஸ்பூன். கவிதாவின் போனில் நேரம் பார்க்கிறேன். பிள்ளை ஸ்பூனைக் கடிக்கிறது, விட மாட்டேன் என்கிறது. டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டுகிறது. நான் டம்ளரை இந்தப் பக்கம் மறைக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குடிடா, குடிடா என்று கெஞ்சியிருக்கிறேன். கேட்கிற பிள்ளைக்கு மறைத்தது அன்றைக்குத்தான்.

"குடுங்கண்ணா. தண்ணிக்கு அழுகுதுங்க."

"ரெண்டு நிமிஷம் ஆகட்டும்மா."

"ஒரே ஒரு வாய் அதிகமாக் குடுங்க."

"கூடாதும்மா."

செந்தில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நேத்து ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எதுங்க நெசம்?"

நான் போனில் நேரம் பார்த்தேன்.

"நம்மாளு, நம்மாளுன்னு நேத்தெல்லாம் ரூம்ல உங்களப் பத்தித்தான் பேச்சு. நல்ல ஆளுங்க நீங்க."

"ரோட்டைப் பாருங்க" என்றார் கவிதா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பாலத்தின் நடுவில் நிற்கும்போது பிள்ளையின் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. ஐந்தாறு தடவை. பிறகு நின்றது. கத்தலும் நின்றது. கத்தல் நின்றது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பூன் நேரம் ஆகியிருந்தது. பிள்ளை அரைக்கண்ணாக இருந்தது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஊற்றினால் மூச்சுக்குழலில் போகும் என்று டாக்டர் முன்பு சொல்லியிருக்கிறார். ஊற்றவில்லை. டம்ளரைக் காலடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன். முன்னால் நின்ற வண்டிகளைத் தட்டித் தட்டி, பிள்ளைக்கு ஆபத்து, ஒதுங்குங்கள் என்று மலையாளத்தில் கத்திக்கொண்டே ஓடினேன். ஒதுங்கினார்கள். பாலம் முடிகிற வரை ஓடினேன், பிறகு மறுபடி காரில் ஏறிக்கொண்டேன். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியாச்சு.

ஆஸ்பத்திரியில் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கையில் ஸ்பூன் இருந்தது. டம்ளர் காரிலேயே இருந்தது. செந்தில் எதிரில் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் ஒரு சாயா வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குடிக்கலாமா என்று தெரியவில்லை. ஆறினதும் குடித்தேன்.

டாக்டர் மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் ஒரே கேள்வி.

"மூத்திரம் போச்சா?"

"இல்லை மேடம்."

"மெல்லத்தான் வரும்."

என்னை வேலையிலிருந்து நிறுத்துவாரா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கிற நேரமா இது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கவிதா கதவைத் திறந்து வெளியே வந்தார். கையில் ஒரு டயப்பர். சுருட்டினது. அந்தப் பெண் அழுதுகொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுந்து நின்றேன். டயப்பரை என் கையில் வைத்தார்.

கனமாக இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "போச்சு மேடம்" என்றேன். அந்தப் பக்கம் எதையோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, "சரி. நாளைக்கு எட்டு மணிக்குக் கதவு திறக்கணும். சாவி உன்கிட்ட அல்லே" என்றார்.

ஐந்து நாள் வைத்திருந்தார்கள். உப்பைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். நான் செய்கிற வேலையைத்தான் மிஷின் செய்தது. கிளினிக் மூடினதும் பஸ் பிடித்துத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பிள்ளை என்னைப் பார்த்து முறைத்தது.

ஊருக்குப் போகிற வழியில் கிளினிக்குக்கு வந்தார்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வந்தோம் என்றார்கள். கழுவித் துடைத்து நியூஸ்பேப்பரில் சுற்றியிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கவிதா விடவில்லை.

"அண்ணா, நீங்க சின்ன பாக்கெட்னுதான் சொன்னீங்க. நல்லா ஞாபகம் இருக்குதுங்க. கடையில அவசரத்துல நாந்தான் கவனிக்கல."

செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? உங்க கதவு திறந்துதான் இருந்துச்சு."

"நான் வேற பிள்ளையைப் பார்த்திட்டிருந்தேன். கேட்கலை."

"சின்ன பாக்கெட்னு சொன்னேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"சொல்லியிருப்பே."

"சொல்லலைன்னு நினைக்கிறேன்."

"அப்போ சொல்லியிருக்க மாட்டே." நிமிர்ந்து பார்த்தார். "யார் தப்புன்னு கண்டுபிடிச்சு எங்க கொண்டுபோய் வைக்கப் போறே? ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டீங்க. போதும். டம்ளரை எனக்குக் காட்டு. கோடு தெரியுதா இன்னும்?"

தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. வாயால் சொல்லக் கூடாது. எந்தக் கடையில் வாங்கினாலும் பாக்கெட்டை என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். பின்பக்கம் இருக்கிற எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். இருநூறு என்றால் ஒரு டம்ளர் படம். ஒன்று என்றால் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் படம். படம் வரைய எனக்கு வராது. டம்ளர் வாளி மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சிரிப்பார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன். கடைசி நாள் வரை அப்படித்தான் செய்தேன். இப்போது அந்தத் தண்ணீர் கலந்தே பெட்டியில் வருகிறதாம். உறிஞ்சு குழல் கூட இருக்கிறதாம். என் இடத்துக்குப் புதுசாக வந்த பெண் சொன்னது. அதற்கு வட்டம் எங்கே போடுவது என்று கேட்டேன். தேவையில்லை அண்ணா என்றது. பவுடர் பாக்கெட்டும் வாங்குவார்களே என்றேன். அது அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டது.

அந்தக் குடும்பம் வருஷத்துக்கு ஒரு தடவை பேசும். போன மாசம் பேசினார்கள். யாழினி மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியதாம். எனக்கு ஒன்றைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் என்னம்மா சொன்னேன்? கேட்டால் அந்தப் பெண் அதையே சொல்லும். அது உண்மையா, எனக்காகச் சொல்கிறதா, எப்படித் தெரியும்? உண்மையாகவே இருந்தால் நான் டாக்டரிடம் சொன்னது பொய். பொய் என்றால் இத்தனை வருஷம் எதற்கு மனசு கனத்தது என்று தெரியவில்லை.

இந்தத் தடவையும் கேட்கவில்லை. வேறு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பாப்பா நல்லா மூத்திரம் போகுதா?"

அந்தப் பக்கம் சிரித்தார்கள். "ஒம்பது வயசுப் பிள்ளையக் கேக்கற கேள்வியாங்கண்ணா இது?" என்றார் கவிதா. பின்னால் பிள்ளை, "யாரும்மா அது, சீ" என்று சொன்னதும் கேட்டது.

"சொல்லும்மா" என்றேன்.

"போகுதுங்கண்ணா."

சரி என்று போனை வைத்தேன்.